இறுதி நூறு கிலோமீட்டர்: சந்தியாகோ திருப்பயண எழுத்துகளில் வந்துசேர்தலும் விலக்குதலும்

ஆய்வுச்சுருக்கம்

வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவை நோக்கிய கால்நடைத் திருப்பயணம் குறித்து 12ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை எழுதப்பட்டவற்றுள் சிலவற்றை, அவை பாதையின் இறுதிப் பகுதியைக் கையாளும் முறையை மட்டும் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கலிக்ஸ்தீனுஸ் சுவடியின் வழிநூல், இறுதிப் பகுதியைப் பலரும் கூடிச் செய்யும் செயல்களின் களமாகக் காட்டுகிறது. தற்கால நூல்களும் திரைப்படமும் அப்பகுதியைத் தவிர்க்கின்றன, அல்லது விரைந்து கடக்கின்றன. நடந்த தொலைவே பயணியின் தகுதி என்னும் எண்ணம் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சந்தியாகோ, காமினோ, திருப்பயணம், வழிநூல், ஆற்றுப்படை, பயண இலக்கியம்

முன்னுரை

இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரான பெரிய யாக்கோபின் உடல் அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக நம்பப்படும் இடம் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. அங்குச் செல்லும் பாதைகள் ஸ்பானிய மொழியில் ‘காமினோ’ எனப்படுகின்றன. ‘சந்தியாகோ’ என்பது புனித யாக்கோபு என்னும் பெயரின் ஸ்பானிய வடிவம். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கிலுள்ள ‘சந்தியாகப்பர்’ என்னும் பெயரும், 1647இல் யாழ்ப்பாணத்துப் பேதுருப் புலவர் பாடிய சந்தியோகுமையோர் அம்மானையின் தலைப்பும் இச்சொல்லின் வழிவந்தவையே. பெயர் இவ்வளவு தொலைவு பயணம் செய்திருந்தும், அப்பாதையைப் பற்றிய எழுத்துகள் தமிழ்த் திறனாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

பாதைகள் பல. அவற்றுள் பெயர்பெற்றது பிரெஞ்சு எல்லைப்புறத்துச் சேன் ஜான் பியே தெ போர் என்னும் ஊரில் தொடங்கி ஏறத்தாழ 780 கி.மீ. நீளும் ‘பிரெஞ்சுப் பாதை’. இதன் இறுதிப் பகுதி சாரியா என்னும் சிற்றூரிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது இன்றைய வழக்கம். சாரியாவிலிருந்து பேராலயம்வரை ஏறத்தாழ 115 கி.மீ.; ஐந்து அல்லது ஆறு நாள் நடை. போர்த்தோமரீன், பலாஸ் தெ ரேய், மெலிதே, அர்சுவா, ஒ பெத்ரூசோ ஆகியவை இடையிலுள்ள தங்கல்கள்.

சாரியா தொடக்கமானதற்கு வரலாற்றுக் காரணமோ சமயக் காரணமோ இல்லை. ஒரு விதியே காரணம். நடந்தோ குதிரையிலோ குறைந்தது 100 கி.மீ., மிதிவண்டியில் 200 கி.மீ. கடந்தவருக்கே பேராலயத்தின் திருப்பயணியர் அலுவலகம் ‘கொம்போஸ்தெலா’ என்னும் சான்றிதழை அளிக்கிறது. பயண ஏட்டில் நாளுக்கு இரண்டு முத்திரைகள் வேண்டும். பேருந்தும் தொடர்வண்டியும் நிற்கும் ஊர்களுள் நூறு கிலோமீட்டர் எல்லைக்குச் சற்று அப்பால் வசதியாக அமைந்திருப்பது சாரியா. 1993ஆம் புனித ஆண்டில் 99,436 பேர் இச்சான்றிதழைப் பெற்றனர். 2024இல் அத்தொகை ஏறத்தாழ 4,99,000. அவர்களுள் பத்தில் மூவர் அளவினர் சாரியாவில் தொடங்கியவர்கள். அதாவது, இன்று சந்தியாகோவுக்குச் செல்வோரில் மிகப் பெரிய ஒற்றைத் தொகுதியினருக்கு இந்த இறுதிப் பகுதியே முழுப் பாதை. ஆயினும் காமினோ இலக்கியத்தில் இவர்களுக்குரிய இடம் மிகச் சிறிது. இவர்கள் வருமிடத்தும் பெரும்பாலும் குறுக்கே வந்த கூட்டமாகவே வருகின்றனர். இந்த முரணே இங்கு ஆராயப்படுகிறது.

வழிநூல் காட்டும் இறுதிப் பகுதி

12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுக்கப்பட்ட கலிக்ஸ்தீனுஸ் சுவடி சந்தியாகோ பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது (2011 சூலையில் களவுபோய், ஓராண்டு கழித்து மீட்கப்பட்டது). திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துவின் பெயரை ஏற்றிக்கொண்ட இச்சுவடியின் ஐந்தாம் நூலே பயணிகளுக்கான வழிநூல். அய்மெரி பிக்கோ என்னும் பிரெஞ்சுக் குரு இதன் ஆசிரியராகலாம் என்பது பரவலாக வழங்கும் கருத்து. பதினொரு இயல்கள் கொண்ட இந்நூல் இன்று பெரும்பாலும் முதல் ‘சுற்றுலாக் கையேடு’ என்று வேடிக்கையாகச் சுட்டப்படுகிறது. அவ்வேடிக்கை நூலைச் சரியாகப் படிக்கவிடாமல் செய்துவிட்டது எனலாம்.

பைரனீசு மலையடிவாரத்திலிருந்து கொம்போஸ்தெலா வரையிலான வழியை வழிநூல் பதின்மூன்று கட்டங்களாகப் பகுக்கிறது. பன்னிரண்டாம் கட்டம் திரியகஸ்தேலாவிலிருந்து பலாஸ் வரை. பதின்மூன்றாவது பலாஸிலிருந்து கொம்போஸ்தெலா வரை. இவ்விரண்டும் தனித்தனியே 60 கி.மீ.க்கு மேற்பட்டவை. நடந்து செல்பவர் ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவல்ல. அப்படியிருந்தும் கடைசிக் கட்டத்தை நூல் மிதமானது என்றே குறிக்கிறது. குதிரையில் செல்வோரை எண்ணி எழுதப்பட்டது என்று இதற்கு விளக்கம் கூறலாம். வேறு சில கட்டங்களில் குதிரைப் பயணம் வெளிப்படையாகவே சுட்டப்படுவதால் அவ்விளக்கம் முழுதும் பொருந்தாது. நோக்கத்தக்கது வேறொன்று. எவ்வளவு நடந்தார், எப்படி நடந்தார் என்பது இந்நூலாசிரியருக்கு ஒரு பயணியின் தகுதியை அறுதியிடும் செய்தியாக எங்குமே அமையவில்லை.

அவர் நின்று பேசும் செய்திகள் வேறு. ஊர்களை வரிசைப்படுத்தும் மூன்றாம் இயலில், பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு பெயரும் ஓர் அடைமொழியும் மட்டுமே கிடைக்க, திரியகஸ்தேலாவில் ஒரு வழக்கம் பதிவாகிறது. பயணிகள் அங்கு ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு காஸ்தஞேதா வரை சுமந்து சென்று கொடுக்கின்றனர். அக்கற்கள் அங்கு நீற்றப்பட்டுத் திருத்தூதர் பேராலயக் கட்டுமானத்திற்குரிய சுண்ணாம்பாகின்றன. திரியகஸ்தேலாவிலிருந்து காஸ்தஞேதா எண்பது கிலோமீட்டருக்கும் மேல். காஸ்தஞேதாவிலிருந்து கொம்போஸ்தெலா இன்னும் ஏறத்தாழ 45 கி.மீ. ஆகவே கல்லைச் சுமந்தவர் அதைத் தம் கையால் பேராலயத்தில் வைப்பதில்லை. வழியிலேயே இறக்கிவிடுகிறார். அது உருவிழந்து, பிறர் சுமந்த கற்களோடு கலந்து, தமக்கு முன்னோ பின்னோ போய்ச்சேர்கிறது. எந்தக் கல் யாருடையது என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது.

ஐந்தாம் இயல் இன்னும் வியப்பளிப்பது. மிகச் சிறிய அவ்வியல் முழுவதும், இரபனாலிலிருந்து போர்த்தோமரீன் பாலம் வரை சாலையைச் செப்பனிட்டவர்களின் பெயர்களைப் பதிவதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அரசி உர்ராக்கா இடித்த மீஞோ ஆற்றுப் பாலத்தைத் திரும்பக் கட்டிய பேதுரு என்பவரின் பெயரும் அதிலுண்டு. நாவாரியர்மீது கடுமையான வசைகளை அடுக்கும் அதே கை (ஏழாம் இயலின் அப்பகுதி இன்றும் படிக்கக் கூசுவது) சாலைப் பணியாளரின் பெயர்களை மறவாமல் எழுதுகிறது என்பது இந்நூலின் இயல்பை ஒருதலையாகத் தீர்ப்பிடவிடாமல் தடுக்கிறது.

ஆறுகளைப் பற்றிய இயலில், நகரிலிருந்து இரண்டு மைல் தொலைவில், மரங்கள் அடர்ந்த இடத்தில் ஓடும் ஓடையொன்று வருகிறது. இன்றைய பெயர் லவகோயா. திருத்தூதர்மீதுள்ள அன்பினால் பிரெஞ்சுப் பயணிகள் அங்கு ஆடைகளைந்து உடல் முழுவதையும் கழுவுகின்றனர் என்கிறது நூல். அதன்பின் ஒன்பதாம் இயலில் எழுத்து முற்றிலும் நகரின்மேலும் பேராலயத்தின்மேலும் திரும்புகிறது. வாயில்கள், பீடங்கள், சாளரங்கள், ஆளுயரக் கணக்கில் நீளம் அகலம் என அளந்து எழுதும் அந்த நீண்ட இயலில் பயணியின் உள்ளம் என்ன உணர்ந்தது என்பது ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. நெருங்க நெருங்க நடப்பவர் சிறிதாகி இடம் பெரிதாவது வழிநூலின் எடுத்துரைப்பு முறை. இதை ஒரு குறையாகக் கருதுவது, தன்வரலாற்றுப் பயணநூல்களுக்குப் பழகிப்போன வாசிப்பின் விளைவு.

மகிழ்ச்சி மலையும் ஆங்கிலக் கப்பல்களும்

பேராலயக் கோபுரங்கள் முதன்முதலாகக் கண்ணிற்படும் குன்று மோந்தே தோ கோசோ, அதாவது மகிழ்ச்சி மலை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞாவிலிருந்து சென்ற தொமெனிகோ லாஃபி என்னும் குரு, அங்கு மண்டியிட்டு அழுததையும், நன்றிப் பாடலைத் தொடங்கித் தொண்டை அடைத்ததால் சில அடிகளுக்குமேல் பாட இயலாமல் நிறுத்தியதையும் எழுதுகிறார். காமினோ இலக்கியத்தில் வந்துசேர்தலின் உணர்வு இவ்வளவு நேரடியாகப் பதிவான இடம் அரிது. குறிக்கத்தக்கது, லாஃபியின் கண்ணீர் எதிரே தெரியும் கோபுரத்தைக் கண்டு வருவது. கடந்த தொலைவை எண்ணி வருவதன்று. பாடலும் அவர் தனித்துப் பாடியதில்லை. உடன் வந்தோரோடு பாடத் தொடங்கியது.

மறுமுனையில், 1456இல் இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து கப்பலேறிய வில்லியம் வே என்னும் குருவின் பதிவு உள்ளது. ஏட்டன் கல்லூரியைச் சேர்ந்த அவர் கலீசியாவின் அ கொருஞா துறையில் இறங்கியபோது அங்கு நின்ற 84 கப்பல்களில் 32 ஆங்கிலேயருடையவை என்று எண்ணி எழுதியுள்ளார். அவ்வளவு கப்பல்களில் வந்தோரும் அத்துறையிலிருந்து நடந்தது ஏறத்தாழ 75 கி.மீ. மட்டுமே. இன்றைய நூறு கிலோமீட்டர் விதியை அப்படியே பொருத்தினால் வில்லியம் வே திருப்பயணியாகார், சான்றிதழும் பெறார். (இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே, தம் நாட்டில் 25 கி.மீ. நடந்துவிட்டு அ கொருஞாவிலிருந்து வருவோருக்குப் பின்னாளில் விலக்கு அளிக்கப்பட்டது.) இடைக்காலப் பயணியின் உழைப்பு கடலில் கழிந்த நாட்களிலும், வழிச்செலவுக்குப் பொருள் தேடுவதிலும், உயிரோடு திரும்புவோமா என்னும் ஐயத்திலும் இருந்தது. அதைக் கிலோமீட்டரில் அளக்கும் எண்ணம் அக்காலத்தில் எழுந்திருக்க வாய்ப்பில்லை. தொலைவே தகுதி என்னும் கருத்து தொன்மையானது போல் இன்று தோற்றமளித்தாலும் அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது.

தற்கால எழுத்தின் விலகல்

1987இல் போர்த்துக்கீசிய மொழியில் வெளிவந்து பின்னர் உலகெங்கும் பரவிய பவுலோ கொயேலோவின் காமினோ நூல், இப்பாதையின் தற்காலப் புகழுக்குப் பெருங்காரணம். அதன் நாயகன் தேடும் வாள் அவனுக்குக் கிடைக்குமிடம் ஒ செப்ரெய்ரோ; கொம்போஸ்தெலாவுக்கு ஏறத்தாழ 150 கி.மீ. முன்னதாகவுள்ள மலையூர். வாள் கிடைத்தபின் எஞ்சிய வழியை அவன் பேருந்தில் கடக்கிறான். தேடலே கருப்பொருளாகும் கதையில் தேடல் முடிந்தபின் பாதைக்கு வேலையில்லை என்பது இதன் தருக்கம். கதை அளவில் அது பழுதற்றது. ஆனால் பாதையை ஒருவனது உள்மன நாடகத்தின் மேடையாக மட்டும் கொண்டால், நாடகம் முடிந்ததும் மேடை கழற்றப்படும் என்பதை இந்நூல் அறியாமலே காட்டிவிடுகிறது. ஒ செப்ரெய்ரோவின் பங்குக் குருவாக இருந்தவர்தான் எலியாஸ் வலிஞா. பாதையின் வரலாற்றையும் சட்டநிலையையும் ஆராய்ந்து நூல் எழுதிய அவர், 1980களில் மஞ்சள் வண்ணச் சாயத்தோடு ஊர் ஊராகச் சென்று மரங்களிலும் சுவர்களிலும் அம்புக்குறி வரைந்தவர். எல்லோரையும் மேற்கே செல்லுமாறு குறிகாட்டியவரின் ஊரிலேயே கொயேலோவின் நடை நின்றுவிடுவது ஒரு நகைமுரண்.

1995இல் வெளியான டேவிட் லாட்ஜின் ‘தெரபி’ என்னும் புதினம் இவ்வகையில் கூர்மையானது. டப்பி பாஸ்மோர் என்னும் தொலைக்காட்சி எழுத்தாளன் தன் இளமைக்காலத் தோழி மொரீனைத் தேடி மகிழுந்தில் வருகிறான், அவள் நடந்துகொண்டிருக்கிறாள். கியர்க்ககாரின் மெய்யியலில் ஊறிய டப்பி, பயணிகளை மூவகைப்படுத்துகிறான். அழகும் இன்பமும் தேடுவோர் முதல்வகை. உடல்வலிமைக்கும் ஒழுங்குக்குமான தேர்வாகப் பாதையைக் கொண்டு, எது முறையான பயணம் என்பதில் கண்டிப்பும் பிறரோடு போட்டியும் உடையோர் இரண்டாம் வகை. பொருளற்றது போல் தோன்றினும் நம்பிக்கையால் அதைத் தெரிவு செய்வோர் மூன்றாம் வகை. இதில் லாட்ஜ் செய்துள்ள நுட்பமான செயல், நடையில் கண்டிப்பு மிக்கவரை உச்சியில் வைக்காமல் நடுவில் நிறுத்தியது. காமினோ குறித்துப் பிற்காலத்தில் குவிந்த தன்வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையினரால் எழுதப்பட்டு, மூன்றாம் வகையினரின் மொழியில் பேசுபவை.

செருமானிய நகைச்சுவைக் கலைஞர் ஹாப்பே கெர்க்கெலிங் 2001இல் நடந்து 2006இல் வெளியிட்ட நூல் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. தாம் சில இடங்களில் பேருந்தும் தொடர்வண்டியும் ஏறியதை அவர் மறைப்பதில்லை. இறுதி நாட்களை இரு பெண் தோழிகளோடு நடந்து முடிப்பதால் நூலின் முடிவுப்பகுதியில் ‘நான்’ சற்றுத் தளர்ந்து ‘நாங்கள்’ ஆகிறது. இந்நூல் பெற்ற பெருவிற்பனைக்கு அதன் நகைச்சுவையோடு இந்தத் தளர்வும் காரணமாகலாம்.

எமிலியோ எஸ்தேவெஸ் இயக்கிய ‘தி வே’ (2010) திரைப்படத்தில், பாதையில் இறந்த மகனின் சாம்பலைச் சுமந்து தந்தை நடக்கிறார். படத்தின் உணர்ச்சி மிக்க இடங்களுள் ஒன்று லியோன் பகுதியிலுள்ள இரும்புச் சிலுவை. பயணிகள் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லைத் தம் துயரின் அடையாளமாக அங்கு இறக்கிவைப்பது வழக்கம். இக்கல்லையும் திரியகஸ்தேலாக் கல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் பயனுடையது. இரண்டும் பயணியின் கையிலுள்ள கற்களே. ஒன்று வழியில் எடுக்கப்பட்டுப் பிறர் கற்களோடு எரிந்து கட்டடமாவது. மற்றது வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு உடையவரின் பெயரோடு குவியலில் கிடப்பது. முன்னதில் சுமையை ஏற்பது செயல். பின்னதில் சுமையைக் களைவது செயல். துயரைக் களைய வருவோரை எவரும் இகழ்தல் தகாது. படத்தின் தந்தை பார்வையாளரைக் கலங்கச் செய்வதும் உண்மையே. ஆனால் கல் தன்னுடையது, பாதை தன்னுடையது என்னும் உடைமையுணர்வு வளர்ந்தபின் இறுதிப் பகுதியின் கூட்டம் இடையூறாகத் தோன்றுவதைத் தவிர்க்க முடியாது. படமும் கலீசியாவை விரைவாகக் கடந்து, பேராலயத்தில் தூபக்கலசம் ஆடும் காட்சியைக் காட்டி, கனத்தை அதற்கப்பாலுள்ள முஷீயா கடற்கரைக்கு மாற்றிவிடுகிறது. அங்கே கூட்டம் இல்லை.

சாரியாவுக்குப் பின்

ஸ்பானிய மொழியில் சுற்றுலாப் பயணி, திருப்பயணி என்னும் இரு சொற்களையும் ஒட்டவைத்து ‘துரிகிரீனோ’ என்றொரு கேலிச்சொல் வழங்குகிறது. மூட்டையை வண்டியில் அனுப்பிவிட்டு, சாரியாவிலிருந்து ஒரு வாரம் மட்டும் நடப்பவரைச் சுட்டுவது அது. நான்சி ஃபிரே 1998இல் வெளியிட்ட மானிடவியல் ஆய்வு, பயணத்தின் உண்மைத்தன்மையை உடலுழைப்பைக் கொண்டு தீர்மானிக்கும் மனப்பாங்கு பாதையில் எவ்வளவு வலுவாக உள்ளது என்பதைப் பயணிகளின் வாய்மொழிகளாலேயே காட்டியது. விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் முன்வைத்த கோட்பாடு, திருப்பயணத்தில் சமூகப் படிநிலைகள் கரைந்து சமநிலை உறவு மலர்கிறது என்றது. ஜான் ஈடும் மைக்கேல் சால்னோவும் 1991இல் தொகுத்த நூல் அதை மறுத்து, திருத்தலங்கள் போட்டிக்குரிய களங்கள் என்றது. காமினோவின் இறுதிப் பகுதியில் இவ்விரு கூற்றுகளும் ஒரே வேளையில் மெய்யாகின்றன என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. நெடுந்தொலைவு வந்தோருக்குள் படிநிலை கரைகிறது. கரைந்தவர்கள் சேர்ந்து புதிதாக வந்தோருக்கு எதிரே ஒரு படிநிலையை எழுப்பிக்கொள்கின்றனர்.

சாரியாவில் தொடங்குவோர் யார்? அவர்களுள் ஸ்பானியர் பெருந்தொகையினர். பள்ளி மாணவர் குழுக்கள், பங்குத்தளக் குழுக்கள், ஒரு வார விடுப்புக்குமேல் பெற இயலாத ஊழியர்கள், மூட்டு வலியுள்ள முதியோர், சிறு குழந்தைகளோடு வருவோர் ஆகியோர் இத்தொகையில் அடங்குவர். 780 கி.மீ. நடக்க ஐந்து வாரம் வேண்டும். ஐந்து வாரமும் அதற்குரிய பணமும் உடலும் ஒருங்கே வாய்த்தல் ஒரு பேறு. அப்பேற்றைத் தவம் என்று பெயரிட்டு, அது வாய்க்காதவரைத் துரிகிரீனோ என அழைப்பது, இடைக்காலத்துப் பயணத்தை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு அதற்கு நேர்மாறானதைச் செய்வதாகும்.

இன்னொரு இழப்பும் உண்டு. கூட்டத்தை வெறுத்துத் தலைகுனிந்து நடப்பவர் இடத்தைக் காண்பதில்லை. மீஞோ ஆற்றங்கரையிலிருந்த பழைய போர்த்தோமரீன், மின்னாற்றலுக்காகக் கட்டப்பட்ட பெலேசார் அணையால் 1963இல் நீரில் மூழ்கியது. 12ஆம் நூற்றாண்டுக்குரிய அதன் கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் திரும்பக் கட்டப்பட்டது. பிரிக்கும்போது இட்ட எண்கள் சில கற்களில் இன்றும் தெரிகின்றன. வறட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய ஊரின் சுவர்கள் வெளிப்படுகின்றன. பழைய பாலத்தின் வளைவு ஒன்று புதிய ஊரின் நுழைவாயிலாக நிற்கிறது. வழிநூல் பெயர் சொல்லிப் போற்றிய பேதுருவின் பாலம் இருந்த இடம் இதுவே. பயணநூல்களில் போர்த்தோமரீன் பெரும்பாலும் அழகிய நீர்த்தேக்கக் காட்சியாகவும் சாரியாவுக்குப் பின் முதல் விடுதியாகவும் மட்டுமே வருகிறது. தம் வீட்டை விட்டு மேட்டுக்கு ஏற்றப்பட்ட ஓர் ஊரின் வழியே, தம் விருப்பத்தால் வீட்டை விட்டு வந்தவர்கள் அதைக் கேட்காமலே நடந்துபோகின்றனர்.

அதற்கப்பால் காகிதக்கூழுக்காக நடப்பட்ட யூகலிப்டஸ் தோப்புகள் வழியை மூடுகின்றன. ஆத்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த இம்மரத்தைப் பழங்காடு என்று மயங்கி எழுதியோர் உளர். பயணிகள் உடல்கழுவிய லவகோயாவில் இன்று வானூர்தி நிலையம் உள்ளது. அதன் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு பாதை செல்கிறது. லாஃபி அழுத குன்றில் 1993க்கென்று கட்டப்பட்ட பெரிய தங்குமிட வளாகம் நிற்கிறது. மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால், பாதையிலிருந்து சற்று விலகிச் சென்று தேடினாலன்றிக் கோபுரங்கள் எளிதில் தெரிவதில்லை. எஞ்சிய தொலைவைப் பொறித்த எல்லைக்கற்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. பார்வைக்குரிய இடத்தை எண்ணிக்கை பிடித்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வழிநூலாசிரியர் இன்று நடந்தால் அணையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் எழுதாமல் விட்டிருக்கமாட்டார்; மின்நிறுவனத்தாரை நாவாரியரைப் போல வசைபாடியும் இருக்கக்கூடும்.

திரும்பி வருபவரின் குரல்

தமிழ் ஆய்வாளருக்கு இவ்விடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஒப்பீடு அமைப்பு சார்ந்தது மட்டுமே. வழியும் ஊரும் உணவும் இடரும் கூறுவதில் மலைபடுகடாமும் வழிநூலும் நெருங்கி நிற்பது மேலோட்டமான ஒப்புமை. அடிப்படையான ஒப்புமை, பேசுபவர் நிற்கும் இடத்தில் உள்ளது. ஆற்றுப்படையில் பேசுபவன் பரிசில் பெற்றுத் திரும்பி வருபவன். கேட்பவன் இனிச் செல்லவேண்டியவன். வந்துசேர்தல் என்னும் நிகழ்ச்சி பேச்சு தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. அதனால் அது கதையின் உச்சமாக வேண்டிய கட்டாயம் இல்லை. எதிர்ப்படும் வறியவனுக்குக் கைமாற்றத்தக்க அறிவாகிறது. தான் அடைந்ததைத் தனக்கே உரியதென அடைத்துவைப்பவன் ஆற்றுப்படை பாட இயலாது. திருமுருகாற்றுப்படையில் பரிசில் வீடுபேறாக மாறியபோதும் இந்த நிலை மாறவில்லை.

இடைக்காலச் சந்தியாகோப் பயணியும் திரும்பி நடக்கவேண்டியவரே. கொம்போஸ்தெலா அவருக்குப் பாதி வழி. சாரியாவிலிருந்து பேராலயம் வரையிலான நிலம் அவர் இருமுறை கடக்கவேண்டியது. இரண்டாம் முறை கிழக்கு நோக்கி நடக்கையில், புதிதாக வரும் கூட்டம் முழுவதும் அவருக்கு எதிர்முகமாக வரும். இன்று வானூர்தி ஏறுபவருக்கு அந்த எதிர்ப்படுதல் இல்லை. புதியவர்களை அவர் பின்னாலிருந்து மட்டுமே, வழியை அடைத்துக்கொண்டு செல்லும் முதுகுகளாகவே காண்கிறார். இறுதிப் பகுதி ‘இறுதி’ ஆனதே இவ்வாறுதான். தற்கால நூல்கள் அதன்மேல் கொள்ளும் சலிப்பிற்கு ஆசிரியர்தம் குணத்தைவிட இந்த அமைப்பு மாற்றமே மிகுதியும் பொறுப்பு.

வழிநூல் பேராலயத்தில் முடிவதில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அதன் பதினோராம் இயல் திருப்பயணிகளை வரவேற்கும் முறை பற்றியது. ஏழையாயினும் செல்வராயினும், செல்பவராயினும் திரும்புபவராயினும் அன்போடு ஏற்கப்படவேண்டும் என்கிறது. எத்தனை நாள் நடந்தார் என்று கேட்கும்படி அது எவருக்கும் சொல்லவில்லை. ஏற்க மறுத்தோருக்கு நேர்ந்தவற்றை அது மூன்று சிறு கதைகளாகச் சொல்கிறது. மூன்றாவது, சந்தியாகோவிலிருந்து கையில் பணமின்றித் திரும்பிய இரு பிரெஞ்சுக்காரரைப் பற்றியது. புவாத்தியே நகரில் ஒரு தெரு நெடுக வீடு வீடாக அவர்கள் இரவு தங்க இடம் கேட்கின்றனர். ஒருவரும் கதவு திறக்கவில்லை. தெருவின் கடைசி வீட்டிலிருந்த ஏழை ஒருவர் உள்ளே அழைத்துக்கொள்கிறார். அன்றிரவு பற்றிய தீ, அவர்கள் முதலில் கேட்ட வீட்டில் தொடங்கி, அந்தக் கடைசி வீட்டின் முன் வந்து அணைகிறது.